ஆடிக்கு முந்தி எடுத்த ரத்தம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி-4.
2.6.2006

அன்புள்ள தங்கை சரிதாவுக்கு அக்கா மாலா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் மாமாவும் அத்தையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் விஜய்யும் பாப்பாவும் சௌக்கியம்தானே? ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தால் அத்தை காய் நறுக்குவதை நிறுத்திவிடுகிறார். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிகூடத் தண்ணீர்க் குழாயை மூடிவிடுகிறாள். நம் விஷயத்தை நாம் வழக்கம்போலத் தாளிலேயே பேசிக்கொள்வோம்.

சித்திரையில் டாக்டரம்மா என் வயிற்றில் வைத்த இரண்டு கருவும் தங்கவில்லை. அதை உனக்குப் போனிலேயே சொன்னேன், சொன்னபோது அழவில்லை. அதற்குப் பிறகு அழுது முடித்துவிட்டேன், அதனால் நீ புதிதாக ஆரம்பிக்காதே. மீதி மூன்று கருவை மருத்துவமனையில் உறைய வைத்திருக்கிறார்கள். இனிமேல் என்னிடமிருந்து முட்டை எடுக்க வழியில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வயது, கையிருப்பு தீர்ந்துவிட்டது. அந்த மூன்றுதான் எங்களுக்கு. அதற்கு மேல் இல்லை.

உன் மாமா தேங்காய்த்திட்டு ஐஸ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் அல்லவா, அவருக்கு ஒரே கவலை. டாக்டரம்மாவிடம் போய், "கரண்ட் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். அது கரண்டில் ஓடுவதில்லை, திரவமாக்கின வாயுவில் வைத்திருக்கிறோம், வருஷக்கணக்காகத் தாங்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க ஐஸு மீன் புடிக்கிற போட்டுல ஏத்தறதுக்குள்ளயே கால்வாசி கரையுது" என்று இவர் வாயைப் பிளந்தார். ஆனாலும் மின்துறையில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற தெருவுக்கு எப்போது மின்தடை என்று தினமும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கருவை வைப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நம் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளுமாம். சேதியைக் கொண்டுபோவது ஒருவகைப் புரதம். சைட்டோகைன் என்று பெயர். அதில் ஒரு ரகம் சண்டை போடு என்று சொல்லும், இன்னொரு ரகம் சும்மா இரு என்று சொல்லும். கருவில் பாதி தகப்பனுடையது, அதனால் உடம்புக்கு அது அந்நியம். சண்டைப் புரதம் அதிகமாக இருந்தால் கருவைத் தங்கவிடாதாம். எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தால், வைக்கிற கரு தங்குமா தங்காதா என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாமாம். ரத்தம் பம்பாய்க்குப் போகும்.

"ரத்தத்துல ஜோசியமா?" என்றார் உன் மாமா. மகன் சொன்ன அந்தச் சொல் அத்தைக்குப் பிடித்துப்போய்விட்டது. ஜோசியம் என்றால் நல்ல நாளில்தான் பார்க்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தை ஆணியிலிருந்து இறக்கிவிட்டார். ஆனிக்குள் எடுத்தாக வேண்டுமாம்.

அத்தை கேட்கச் சொன்னது: பாப்பாவுக்கு நாலு வயசாகியும் இன்னும் காது குத்தவில்லையே, பிரான்சில் காதே கிடையாதா?

பதில் போடு.

அன்புடன்,
மாலா


பாரிஸ்,
20.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். மாமாவையும் அத்தையையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அந்தப் பரிசோதனையைச் செய்துகொள் அக்கா. தெரிந்துகொண்டு செய்வது நல்லதுதானே. இங்கேகூட அந்த மாதிரிப் புரதங்களை அளந்து பார்க்கிறார்கள் என்று விஜய் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். நீ தைரியமாக இரு. நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி பெஞ்சிலாவது உன்னோடு வந்து உட்கார்ந்திருப்பேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு தைரியமாக இரு என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் மெதுவாகப் பேசுகிறார்கள். விஜய்யின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சம்பாதித்த பாஸ்போர்ட்டு எனக்குச் சோறு போடும், பேச்சு போடாது போலிருக்கிறது. இங்கே இப்போது இரவு பத்து மணிவரை வெளிச்சம். வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தங்கை,
சரிதா


முதலியார்பேட்டை,
12.7.2006

அன்புள்ள சரிதாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

உங்கள் நலம் அறிந்து சந்தோஷம். பாப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு மனசு நோகும் என்று நீ மறைக்கிறாய். மறைத்தால்தான் நோகிறது. அடுத்த கடிதத்தில் அவள் என்ன தின்றாள், யாரை அடித்தாள் என்று எல்லாவற்றையும் எழுது.

இங்கே நலம் என்று எழுதிப் பழகிப்போன கை, அதனால் எழுதிவிட்டேன். உண்மையில் ஊரே நொண்டிக்கொண்டு நடக்கிறது. சிக்குன்குனியா என்று ஒரு காய்ச்சல், கொசுவால் வருகிறதாம். பேரைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் கோழிக்கறியை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் போன பிறகும் மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொள்கிறது. என் கவுண்டருக்கு வருகிறவர்கள் பர்ஸைத் திறக்க முடியாமல் பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்டுகிறார்கள்.

முதலில் அத்தைக்கு வந்தது. அவருக்குத் தணிவதற்குள் எனக்கும் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, மூட்டு வலி மட்டும் விடவில்லை. அந்த வாரம்தான் ரத்தம் கொடுக்க அத்தை நாள் குறித்திருந்தார். காய்ச்சல் கண்டவர்களை இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அஞ்சலாட்சி எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து சொல்லிவிட்டாள். அத்தை இடிந்து போய்விட்டார். திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது, ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணிக்குத் தள்ளிப்போட்டால் ரிசல்ட் வருவதற்குள் புரட்டாசி வந்துவிடும், அதற்குப் பிறகு மழை. அவருக்குக் காலம் கைவிட்டுப் போகிற பயம். சும்மா சொல்லக் கூடாது, தன் முட்டியைத் தூக்க முடியாத நிலையில் எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

குறித்த நாளிலேயே போய்விட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "காய்ச்சல், சளி எதுனா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் கீறா" என்றுவிட்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் ஆடிக்கு முன்னால் முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. ரத்தம் எடுத்துவிட்டார்கள். பம்பாய்க்குப் போய்விட்டது.

இதைப் போனில் கேட்டுவைக்காதே.

அன்புடன்,
மாலா


பாரிஸ்,
1.8.2006

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உனக்கும் அத்தைக்கும் காய்ச்சல் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. நன்றாக ஓய்வெடு. இளநீர் குடி. கொசுவலை இல்லாமல் படுக்காதே. மூட்டுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லி இங்கே ஒரு காரைக்கால் அம்மா சொன்னார்.

ரத்தம் கொடுத்தாகிவிட்டது என்பது ஒரு நிம்மதி. நல்ல ரிசல்ட் வரும், பார்.

நீ கேட்டபடியே எழுதுகிறேன்: பாப்பா போன வாரம் பூங்காவில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் கையைக் கடித்துவிட்டாள். மன்னிப்புக் கேள் என்றதற்கு, முதலில் அவன் கை என் வாய்க்குள் வந்தது என்று தமிழில் வாதாடினாள். அந்தப் பையனின் அம்மா ஒன்றும் புரியாமல், அழகாகப் பேசுகிறாள் என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புத் தங்கை,
சரிதா


முதலியார்பேட்டை,
28.8.2006

சரிதாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பம்பாயிலிருந்து வந்துவிட்டது. சண்டைப் புரதம் எனக்கு இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. சும்மா இரு என்று சொல்கிற புரதம் பெயருக்குத்தான் இருக்கிறது. டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். அவர் கண்ணாடியைக் கழற்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த அளவுல வெச்சா தங்கறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி மாலா. இல்லன்னே சொல்லுவேன். இது உங்க உடம்போட குணம். அதக் கொறைக்க ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்திப் பாக்கறவங்க இருக்காங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. முடிவு உங்களோடது" என்றார்.

சித்திரையில் வைத்த இரண்டும் ஏன் போயின என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. வேறு யாரும் ஒன்றும் செய்யவில்லை, கிரகம் ஒன்றும் செய்யவில்லை. என் உடம்பே துரத்தியிருக்கிறது. என்னிடம் வந்து ஒண்டிக்கொண்டதை நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். இது தெரிந்த பிறகு மீதி மூன்றையும் எடுத்து என் வயிற்றில் வை என்று எந்த வாயால் சொல்வேன்? அங்கே ஐஸிலாவது அதுகள் பத்திரமாக இருக்கின்றன.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைத்து, முள் எடுத்துக் கொடுத்தார். அவர் விரல்கள் இன்னும் வீங்கித்தான் இருக்கின்றன.

மாலா


பாரிஸ்,
14.9.2006

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நீ யாரையும் துரத்தவில்லை அக்கா. நீ பூனைக்குட்டியைக்கூட வாசலைவிட்டு விரட்டாதவள். ஒரு காகிதத்தில் ஒரு எண் இருக்கிறது, அவ்வளவுதான். டாக்டரே இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவில்லையே. ஒன்றையாவது வைத்துப் பார்க்கக் கூடாதா? வேறு டாக்டரிடம் ஒருமுறை காட்டக் கூடாதா? அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. நான் சொல்கிற இடத்தில் இல்லை, தெரியும். ஆனால் மாமாவிடம் சொல், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

சரிதா


முதலியார்பேட்டை,
24.10.2006

அன்புள்ள சரிதாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம். தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. அத்தையால் முறுக்கு அச்சைப் பிடித்து அழுத்த முடியவில்லை, அதனால் இந்த வருஷம் கடையில் வாங்கினோம்.

இரண்டு வரி எழுதச் சொன்னாய், ஒரு வரியும் எழுதவில்லை. என்னைப் பற்றி உன் மாமா உன்னிடம் போனில் சொல்லியிருக்க மாட்டார், நானே சொல்கிறேன். ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பழக்கடையில் போய் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போவதில்லை. மின்தடை என்றால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறவரை நிற்பேன். அது கரண்டில் ஓடுவதில்லை என்று தெரியும். தெரிந்தும் நிற்பேன். பழக்காரி என்னை யாரோ நோயாளிக்குச் சொந்தம் என்று நினைத்து, ஒரு நாள் ஆரஞ்சு ஒன்று சும்மா கொடுத்தாள்.

உன் மாமா ஒரு நாள் பின்னாலேயே வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, "மாலா, வெச்சுப் பாக்கறதுக்கு உனுக்கு மனசு வரல. எனுக்கும் உன்ன மறுபடி அப்படிக் கிடக்க வெச்சுப் பாக்க முடியாது. வைக்காமலே வெச்சுக்கினு இருந்தா, நீ அந்தத் தெருவுலயே செத்துப்பூடுவ" என்றார். அடுத்த வாரம், மீதி மூன்றையும் இனி வைத்திருக்க வேண்டாம் என்று எழுதின ஒரு தாளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே நானும் போட்டேன்.

அதைக் கொடுக்க அவர் மட்டும்தான் போனார். நான் கவுண்டரில் இருந்தேன். பில் கட்ட வந்த ஒருவர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவர் ஃபாக்டரியில் ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கமே போகவில்லையாம், கூட வேலை செய்கிற ராமலிங்கம் சொன்னார். கணக்கு எழுதுகிற மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாராம்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இனி மின்தடைக்குப் போன் போட வேண்டியதில்லை.

பாப்பாவுக்குத் தீபாவளிக்குப் பாவாடை அனுப்பினேனே, வந்ததா? அளவு சரியா?

அன்புடன்,
மாலா


பாரிஸ்,
8.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பாவாடை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. பாப்பா அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

உன் கடிதத்தை விஜய்யிடம் படித்துக் காட்டினேன். பாதியில் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு இடம். நான் ஊசி போடுவதில்லை, பயப்படாதே. வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பொன்ஷூர் சொல்லி, அச்சடித்த நாலு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

அன்புத் தங்கை,
சரிதா


(இது தபாலில் சேர்க்கப்படாத கடிதம்.)

பாரிஸ்,
30.11.2006

அக்கா,

சுகம் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

நான் கேட்க வேண்டிய நாலு கேள்வியில் மூன்றாவது கேள்வி, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்பது. ஆமாம் என்று சொன்னால், சில பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுக்காமல் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் கிளிப்பிள்ளை மாதிரி இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு பெண் வந்தாள், உன் வயசு இருக்கும். குழந்தைக்காக மருத்துவம் பார்த்துக்கொள்கிறவள். காய்ச்சல் வந்தது என்றாள். திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவள் அழுதாள். ஏன் அனுப்ப வேண்டும் என்று உள்ளே வேலை செய்கிறவளைக் கேட்டேன். உனக்கு அளந்தார்களே, அந்தப் புரதங்கள் காய்ச்சலில் தாறுமாறாக ஏறிவிடுமாம். அது அந்த ஆளின் குணம் இல்லை, காய்ச்சலின் வேலை. சில சமயம் இறங்கச் சில மாதமாகும், ஆனால் இறங்கிவிடும், அப்போது எடுத்தால்தான் சரியான அளவு தெரியும் என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து நீ ஜூலையில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய் அக்கா. நர்ஸ் கேட்டதையும் எழுதியிருக்கிறாய், அத்தை சொன்னதையும் எழுதியிருக்கிறாய். ஒன்றையும் நீ மறைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இளநீர் குடி என்று பதில் போட்டிருக்கிறேன்.

அந்த எண் உன்னுடையது இல்லை. கொசுவுடையது. நீ யாரையும் துரத்தியதாக அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. மறுபடி ஒருமுறை ரத்தம் எடுத்திருந்தால் போதும். எடுத்திருந்தாலும் கரு தங்கியிருக்குமா என்று யாருக்கும் தெரியாதுதான். ஆனால் வைத்துப் பார்த்திருப்பாய். நீ பயப்படாமல் வைத்திருப்பாய். மாமா அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்க மாட்டார்.

இப்போது இதை உனக்குச் சொன்னால் என்ன ஆகும்? நீ உன்மேல் வைத்திருக்கிற பழி இறங்கும். இறங்கி எங்கே போகும்? அத்தை தலையில் போய் உட்காரும். கையெழுத்துப் போட்ட மாமா தலையில் உட்காரும். மூன்று கருவும் திரும்பி வராது. சொல்லாவிட்டால், உன் உடம்பு பொல்லாதது என்று நீ சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பாய். எதைச் செய்தாலும் உனக்குத்தான் கேடு. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது அக்கா.


பாரிஸ்,
15.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் மாமாவும் அத்தையும் நலமா? அத்தையின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு வேலை அதிகமா? உனக்குத் தலைவலி வருவதுண்டே, இப்போது குறைந்திருக்கிறதா?

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பாப்பாவுக்குப் புதுக் கோட்டு வாங்கினோம், நீலக் கலர். வேலை பரவாயில்லை. பொங்கலுக்குப் பணம் அனுப்புகிறேன், அத்தைக்கு ஒரு புடவை எடுத்துக் கொடு.

அன்புத் தங்கை,
சரிதா


முதலியார்பேட்டை,
20.1.2007

அன்புள்ள சரிதாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

உன் கடிதமும் பணமும் வந்தன. அத்தைக்கு மாம்பழக் கலரில் புடவை எடுத்தேன். இன்னும் உடுத்தவில்லை.

உனக்கும் தெரிந்துவிட்டது, இல்லையா? ரத்தம் எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், என்னைப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் உள்ளவர்களின் மூட்டு, தலை, வேலை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் காய்ச்சலை மட்டும் விட்டுவிட்டாய். நீ சின்ன வயசில் சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டு, அந்த டப்பா இருக்கிற பக்கமே திரும்பாமல் நடப்பாய். அந்த நடை அப்படியே கடிதத்தில் தெரிந்தது. அப்போது என்னவென்று புரியவில்லை. இப்போது புரிகிறது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அத்தையை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். விரல் மடங்கவே இல்லை. சின்ன வயசு டாக்டர், நிதானமாகப் பேசினாள். "அந்தக் காய்ச்சல் போனாலும் ரத்தத்துல சண்டை ஓயறதுக்கு மாசக்கணக்கா ஆகும் பாட்டி. சண்டை போடச் சொல்ற புரதம்லாம் ஏறியே இருக்கும். அப்ப ரத்தம் எடுத்துப் பாத்தா எல்லாமே கோளாறா காட்டும். பயப்படாதீங்க, போகப்போக எறங்கிடும்" என்றாள். அத்தைக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னாள், பாவம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். என் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தோள் இறுகியதை நான் உணர்ந்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரை எத்தனை வேளைக்கு என்று டாக்டரிடம் சத்தமாகக் கேட்டேன். ஆட்டோவில் வரும்போது முதலியார்பேட்டை வரைக்கும் நான் மட்டும் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

எனக்குக் கோபம் வருகிறது சரிதா. யார்மேல் என்று தெரியாத கோபம். கவுண்டரில் நான் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. யாராவது பில் அதிகம் என்று சண்டைக்கு வந்தால், "அந்த மாசம் வீட்டுல கல்யாணம் காட்சி எதுனா நடந்துச்சா? ஒரு மாச ரீடிங்க வெச்சு எதையும் சொல்ல முடியாது, அடுத்த மாசம் பாருங்க" என்பேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கு ஒரே ஒரு ரீடிங் வந்தபோது, அதை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

உன் மாமாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தார். அவருக்கு அந்த நினைப்பாவது இருக்கட்டும்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததா இல்லையா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் புரியாதவள் மாதிரி நடமாடுகிறேன். வீடு திரும்பிய அன்றைக்கே பஞ்சாங்கத்தை ஆணியிலிருந்து எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். பொங்கல் பானை எப்போது வைக்க வேண்டும் என்று உன் மாமா கேட்டதற்கு, "எப்ப வேணா வையி, இன்னா இப்ப" என்றார். உன் மாமா சிரித்தார். என்னால் முடியவில்லை. அத்தை நல்லதை நினைத்துத்தான் செய்தார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி படுத்தால், அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்ற அந்தக் குரல் காதில் கேட்கிறது. அதற்குப் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டிருக்கிற என்னையும் பார்க்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லி அத்தை இப்போதெல்லாம் கேட்கிறார். முன்பு கேட்டதே இல்லை. அதில் அந்த விஷயம் வருகிறதா என்று பார்க்கிறார். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டாம். அத்தைக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி ஒரு கடிதம் போடு. நன்றாக நீளமாக எழுது.

அன்புடன்,
மாலா


பாரிஸ்,
5.2.2007

அன்புள்ள அக்கா, மாமா, அத்தை அனைவருக்கும் சரிதா எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தைக்குப் புடவை பிடித்ததா? மாம்பழக் கலர் அவருக்கு எடுப்பாக இருக்கும். விரல் வீக்கம் வடிந்துவருகிறதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைத்துக்கொண்டிருந்தால் இதமாக இருக்குமாம்.

போன வாரம் இங்கே பனி பெய்தது. பாப்பா வாய் நிறைய அள்ளித் தின்றுவிட்டு, உப்பில்லை என்றாள். மாமா வேலை செய்கிற இடத்தில் இதைவிட நிறைய இருக்கிறது, வந்து பார் என்று விஜய் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தேங்காய்த்திட்டுக்கு எப்போது போவோம் என்று ஒரே நச்சரிப்பு. மாமாவுக்கு வேலை வைத்துவிட்டோம்.

என் வேலை நன்றாகப் போகிறது. சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வருகிறவர்களை உட்காரச் சொல்வேன், பெயர் கேட்பேன், கதவைத் திறந்துவிடுவேன். அவ்வளவுதான்.

அத்தைக்கு ஒரு சேதி. நீங்கள் திட்டிக்கொண்டே இருந்தீர்களே, பாப்பாவுக்கு வருகிற வாரம் ஐந்து வயது முடிகிறது. இன்னும் காது குத்தவில்லை. இங்கே ஒரு கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊருக்கு வந்துதான் குத்த வேண்டும், உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று இருக்கிறேன். விஜய்க்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எதில் வேண்டுமானாலும் லீவு கிடைக்கும்.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து ஒரு நல்ல நாள் குறித்துச் சொல்லுங்கள் அத்தை. ஆடிக்கு முந்தியா, பிந்தியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு இங்கே அதெல்லாம் பார்க்கத் தெரியாது. நீங்கள் சொல்கிற நாளுக்குத்தான் டிக்கெட் எடுக்கப் போகிறோம்.

அக்கா, அத்தை சொல்வதைத் தேதியோடு எழுதி அனுப்பு.

அன்புடன்,
சரிதா